மேகத்துள் யார் வழி விடுவது?

எதிரே வருபவருக்கு வழி விடுவது மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கற்றுக்கொண்ட நாகரிகம். ஒற்றையடிப் பாதையில் சுமையோடு வருபவருக்குச் சுமையில்லாதவர் ஒதுங்கி நிற்பார். கடலில் பாய்மரக் கலத்துக்கு இயந்திரக் கப்பல் விலகிச் செல்ல வேண்டும் என்பது மாலுமிகளின் விதி. வானத்தில் விமானம் தோன்றியபோது, அங்கும் இத்தகைய விதிகளையே வகுத்தார்கள். ஆனால், இவ்விதிகள் அனைத்துக்கும் அடியில் ஓர் எண்ணம் மறைந்து கிடக்கிறது: 'எதிரே வருபவர் நம் கண்ணுக்குத் தெரிவார்' என்பதே அது. அவர் தெரியாவிட்டால் என்ன செய்வது? தரையில் மூடுபனி கவிந்தால் வண்டியை நிறுத்தலாம். வானத்தில் நிறுத்த முடியாது. மேகத்துக்குள் புகுந்த விமானம் போய்க்கொண்டேதான் இருக்க வேண்டும். இந்தச் சிக்கலை மனிதர் எவ்வாறு உணர்ந்தனர், எந்த அளவுக்குத் தீர்த்தனர், எங்கே இன்னும் தீராமல் இருக்கிறது என்பதை இப்பேச்சில் ஆராய்வோம்.

முதலில், மேகத்துள் சந்திக்கக்கூடிய இருவரை அறிமுகம் செய்துகொள்வோம். ஒருவர் இயந்திர விமானி. அவரை நாம் அறிவோம். மற்றவர் கிளைடர் விமானி. கிளைடர் என்பது இயந்திரம் இல்லாத விமானம். நீண்டு மெலிந்த சிறகுகளைக் கொண்டது. மற்றொரு விமானமோ, தரையிலிருந்து சுற்றியிழுக்கும் கம்பி வடமோ அதனை உயரே கொண்டுபோய் விட்டுவிடும். அதன் பிறகு அது காற்றில் வழுக்கிக்கொண்டே மெல்ல மெல்லக் கீழே இறங்கும். இறங்காமல் இருக்க வேண்டுமானால், மேலெழும் காற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். உச்சிவெயிலில் பருந்து சிறகசைக்காமல் வட்டமிட்டு வட்டமிட்டு உயர்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிளைடர் விமானி செய்வதும் அதுவே.

வெயிலால் சூடேறிய தரையிலிருந்து காற்று எழுகிறது. அது உயர உயரக் குளிர்கிறது. ஓர் உயரத்தில் அதிலுள்ள நீராவி சிறு நீர்த்துளிகளாக மாறுகிறது, அதுவே குவிமேகம். நீராவி நீராகும்போது உள்ளுறை வெப்பம் வெளிப்படும் என்பது உங்கள் பௌதிகப் பாடத்தில் உள்ள செய்தி. அந்த வெப்பம் மேகத்தினுள் இருக்கும் காற்றை இன்னும் விரைவாக மேலே தள்ளுகிறது. ஆகவே, மேகத்தின் அடிப்புறத்தோடு நின்றுவிடாமல் உள்ளே புகுந்தால் கிளைடர் மேலும் உயரலாம். இன்றைய நல்ல கிளைடர் ஒன்று 1 கிலோமீட்டர் உயரத்தைச் செலவழித்து 40 கிலோமீட்டருக்கு மேலும் செல்லும் ஆற்றல் உடையது. மேகத்துள் கூடுதலாக ஏறும் ஒவ்வொரு 100 மீட்டரும், 4 கிலோமீட்டர் பயணத்துக்கான கைமுதல். கிளைடர் விமானி ஏன் மேகத்தை நாடுகிறார் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இக்கலை வளர்ந்த இடம் ஜெர்மனி. முதல் உலகப் போரில் தோற்ற அந்நாட்டுக்கு, 1919ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கை விமானப்படையை மறுத்தது. இயந்திர விமானத் தொழிலும் தளைப்பட்டது. பறக்கும் ஆசையை எந்த உடன்படிக்கையும் தடுத்துவிட முடியாதல்லவா? இளைஞர்கள் இயந்திரமில்லாத விமானத்தைக் கையில் எடுத்தனர். 1920ஆம் ஆண்டில் ஆஸ்கர் உர்சினஸ் என்பவரின் முயற்சியால், ரோன் மலைப் பகுதியில் 950 மீட்டர் உயரமுள்ள வாஸர்குப்பே குன்றில் கிளைடர் போட்டிகள் தொடங்கின. அவ்வாண்டில் முதலிடம் பெற்றவர் கடந்த தொலைவு 2 கிலோமீட்டருக்கும் குறைவு. இரண்டே ஆண்டுகளில், 1922இல், ஆர்தர் மார்ட்டென்ஸ் என்பவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் வானில் நின்றார்.

1926ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நிகழ்ந்ததோ யாரும் எதிர்பாராதது. மாக்ஸ் கேகல் என்னும் விமானியை இடிமேகம் ஒன்று உள்ளே இழுத்துக்கொண்டது. மழையும் காற்றும் அவரைத் தூக்கி அலைக்கழித்தன. அவர் உயிரோடு தரை இறங்கியபோது, புறப்பட்ட இடத்திலிருந்து 55 கிலோமீட்டர் கடந்திருந்தார். 'இடிமேக மாக்ஸ்' என்ற பட்டப்பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. தற்செயலாக நேர்ந்ததை மற்றவர்கள் பிறகு வேண்டுமென்றே செய்யத் தொடங்கினர். மேகம், அஞ்சி விலகும் இடமாக இருந்த நிலை மாறி, தேடிப் புகும் இடமாயிற்று.

மேகத்துள் புகுந்தவனுக்கு முதற்பகை அவனுடைய உடம்பே. கண்ணுக்கு அடிவானம் தெரியாதபோது, எது மேல், எது கீழ் என்பதை நாம் உட்செவியைக் கொண்டு உணர முயல்கிறோம். உட்செவியோ எளிதில் ஏமாறும். சுழலும் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் அமரட்டும். மெல்ல ஒரே சீராகச் சுழற்றுங்கள். சிறிது நேரத்தில், தாம் சுழலவே இல்லை என்பார். நாற்காலியை நிறுத்தினால், எதிர்ப்புறமாகச் சுழல்வதாகச் சொல்வார். 1926ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவ விமானி வில்லியம் ஆக்கர் இத்தகைய நாற்காலியில் அமர்ந்து சோதிக்கப்பட்டார். நன்கு பழகிய விமானியும் இதற்கு விலக்கல்லன் என்பதை அவர் தெரிந்துகொண்டார். அதன் பின், உடலுணர்வை நம்பாமல் கருவியை நம்பிப் பறக்க வேண்டும் என்று வற்புறுத்தி வந்தார்.

கருவிகள் வந்தன. சுழற்பம்பரத்தின் தன்மையை அடிப்படையாகக் கொண்ட செயற்கை அடிவானம், திசை காட்டும் கருவி, நுட்பமான உயரமானி ஆகியவற்றோடு, 1929ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் ஜேம்ஸ் டூலிட்டில் என்பவர் நியூயார்க்கை அடுத்த மிட்சல் களத்தில் ஒரு சோதனை நிகழ்த்தினார். வெளியே ஏதும் தெரியாதபடி மூடிய இருக்கையில் அமர்ந்து, கருவிகளை மட்டும் பார்த்து, அவர் மேலெழுந்து சுற்றிவந்து தரை இறங்கினார். 'குருட்டுப் பறத்தல்' என்று அதனை அக்காலத்தார் அழைத்தனர். இனி மேகம் ஒரு தடையல்ல என்று உலகம் மகிழ்ந்தது.

அந்த மகிழ்ச்சியில் ஒரு குறை இருந்தது. அக்கருவிகள் விமானிக்கு அவனுடைய நிலையைச் சொல்லும். அதே மேகத்துள் பிறர் ஒருவர் இருப்பதைச் சொல்லமாட்டா. உண்மையில், இந்த இரண்டாம் ஆபத்தை உலகம் அதற்கு முன்பே ஒரு முறை கண்டிருந்தது. 1922ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், பிரான்சின் பிக்கார்டி பகுதியில், இலண்டனிலிருந்து பாரிசுக்குச் சென்ற விமானமும் பாரிசிலிருந்து இலண்டனுக்குச் சென்ற விமானமும் பனிமூட்டத்தில் நேருக்கு நேர் மோதின. ஏழு பேர் மாண்டனர். பயணி விமானங்கள் இரண்டு நடுவானில் மோதியது அதுவே முதல் முறை. அதன் விளைவாகக் குராய்டன் விமான நிலையத்தில் கூட்டம் ஒன்று நடைபெற்றது. விமானங்கள் வலப்புறமாக ஒதுங்கிச் செல்ல வேண்டும் என்றும், வானவழிகள் வரையறுக்கப்பட வேண்டும் என்றும் அதில் முடிவாயிற்று.

வானத்தில் யார் யாருக்கு வழி விடுவது என்பதை 1919ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையே ஒருவாறு கூறியிருந்தது. இயந்திர விமானம் பலூனுக்கும் ஆகாயக் கப்பலுக்கும் விலக வேண்டும் என்பது அதன் விதி. 1944இல் கையொப்பமான சிகாகோ உடன்படிக்கையைச் சார்ந்த சர்வதேச விதிகளும் அதே நெறியைப் பின்பற்றுகின்றன. இயந்திர விமானம் ஆகாயக் கப்பலுக்கும் கிளைடருக்கும் பலூனுக்கும் வழி விட வேண்டும்; ஆகாயக் கப்பல் கிளைடருக்கும் பலூனுக்கும் வழி விட வேண்டும்; கிளைடர் பலூனுக்கு வழி விட வேண்டும். இயங்கும் ஆற்றல் மிக்கவன், ஆற்றல் குறைந்தவனுக்கு ஒதுங்க வேண்டும் என்பதே இதன் கருத்து. எவ்வளவு அழகிய அறம்! ஆனால், மேகத்துக்குள் இந்த அறம் செயலற்றுப் போகிறது. ஒதுங்க விரும்புபவனுக்கும், யாருக்காக ஒதுங்குவது என்று தெரியவேண்டுமே!

இங்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சிறு விமானம் வருகிறது. எதிரே மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கிளைடர் வருகிறது. இரண்டும் விநாடிக்கு 97 மீட்டர் வீதம் நெருங்குகின்றன. ஒரு பொருளைக் கண்டு, அது விமானம் என்று உணர்ந்து, முடிவு செய்து, விமானத்தைத் திருப்பி, அது திரும்பத் தொடங்குவதற்கு ஏறத்தாழ 12 விநாடி தேவை என்று விமானிகளுக்குக் கற்பிக்கிறார்கள். 1 கிலோமீட்டர் தொலைவில் ஒருவரையொருவர் கண்டாலும், கிடைப்பது 10 விநாடியே. அடர்ந்த மேகத்துள் 50 மீட்டர் தெரிந்தால், கிடைப்பது அரை விநாடி. கண்ணிமைத்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே, மேகத்துள் கண்ணை நம்பும் விதி பயன்படாது. வேறு ஏற்பாடு வேண்டும்.

இயந்திர விமானங்களுக்கு அத்தகைய ஏற்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வருந்தத்தக்க செய்தி என்னவெனில், ஒவ்வொன்றும் உயிர்ப்பலிக்குப் பின்னரே உறுதிபெற்றது. 1948ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், இலண்டனுக்கு அருகில் நார்த்வுட் என்னுமிடத்துக்கு மேலே, இறங்குவதற்கு முறை பார்த்துக் காத்திருந்த இரு விமானங்கள் மேகத்துள் மோதின. ஒன்று ஸ்காண்டிநேவிய நாட்டுப் பயணி விமானம். மற்றொன்று மலாயாவின் உயர் ஆணையர் சர் எட்வர்டு ஜென்டை ஏற்றி வந்த பிரிட்டிஷ் விமானப்படை விமானம். இரண்டிலும் இருந்த 39 பேரும் இறந்தனர். விமானத்தின் உயரமானி காற்றழுத்தத்தை அளந்தே உயரத்தைக் காட்டுகிறது. தரைமட்ட அழுத்தம் இன்னதென்று விமானி அதில் குறித்துவைக்க வேண்டும். அக்குறிப்பில் 1 மில்லிபார் பிழைத்தால், உயரத்தில் ஏறத்தாழ 28 அடி பிழைக்கும். காத்திருக்கும் விமானங்களுக்கிடையே அப்போது இருந்த 500 அடி இடைவெளி போதாது, 1,000 அடி வேண்டும் என்பது விசாரணையில் கிடைத்த பாடம். கிழக்கே செல்லும் விமானங்களுக்கு ஒருவகை மட்டமும், மேற்கே செல்பவற்றுக்கு வேறுவகை மட்டமும் ஒதுக்கும் முறையும் இதே நோக்கம் உடையதுதான்.

1956ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், அமெரிக்காவின் கிராண்ட் கான்யன் பள்ளத்தாக்குக்கு மேல் இரு பெரும் பயணி விமானங்கள் 21,000 அடி உயரத்தில் மோதி, 128 பேர் மாண்டனர். குவிமேகங்கள் ஆங்காங்கே எழுந்து நின்ற வானம் அது. அப்பகுதியில் தரையிலிருந்து விமானங்களை வழிநடத்துவோர் இல்லை. ஒருவரையொருவர் பார்த்து விலகுவது விமானிகளின் பொறுப்பாக விடப்பட்டிருந்தது. அவர்கள் உரிய நேரத்தில் பார்க்கவில்லை. இவ்விபத்து நாட்டை உலுக்கியது. ரேடார் கருவிகள் பெருகின. 1958இல் விமானப் போக்குவரத்துக்கெனத் தனி நிறுவனம் சட்டத்தால் அமைக்கப்பட்டது.

1986ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், கலிபோர்னியாவின் செரிட்டோஸ் நகருக்கு மேல், பயணி விமானம் ஒன்றும் சிறு விமானம் ஒன்றும் மோதி, தரையில் இருந்தோர் உட்பட 82 பேர் இறந்தனர். அதன் பின்னரே, மோதலை முன்னறிந்து எச்சரிக்கும் கருவியைப் பெரிய விமானங்களில் பொருத்த வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் செய்தது. நம் நாடு இப்பாடத்தைக் கற்றது 1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள். டில்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரியின் வானில், சவூதி அரேபிய விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதின. 349 பேர் மாண்டனர். நடுவானில் விமானங்கள் மோதிய விபத்துகளில் இதைவிடக் கொடியது வேறில்லை. கசகஸ்தான் விமானம் தனக்குக் குறித்த 15,000 அடி மட்டத்தைவிடக் கீழே இறங்கிவிட்டது. அப்போது டில்லியில் இருந்த ரேடாரோ, விமானங்களின் உயரத்தைக் காட்டும் வகையினது அன்று. அவ்வழியே வந்த அமெரிக்க இராணுவ விமானி ஒருவர், மேகம் ஒன்று உள்ளிருந்து செந்நிறமாக ஒளிர்ந்ததைக் கண்டு தெரிவித்தார். மேகத்துள் நடந்ததை வெளியிலிருந்து அவ்வளவுதான் காண முடிந்தது.

மட்டம், ரேடார், எச்சரிக்கைக் கருவி: இம்மூன்றும் இயந்திர விமானத்தை இன்னோர் இயந்திர விமானத்திடமிருந்து பெரும்பாலும் காக்கின்றன. கிளைடரிடமிருந்து காக்குமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கிளைடர் ஒரு மட்டத்தில் நிலைத்துப் பறக்க இயலாது. அது ஏறிக்கொண்டிருக்கும், அல்லது இறங்கிக்கொண்டிருக்கும். மேகத்துள் வட்டமிட்டு ஏறும்போது, எல்லா மட்டங்களையும் வரிசையாகக் கடந்து செல்லும். ஆகவே, அதற்கு மட்டம் ஒதுக்குவதில் பொருளில்லை. ரேடாரோ உலோகத்தை நன்றாகக் காணும். பழைய கிளைடர் மரத்தாலும் துணியாலும் ஆனது. 1957இல் பறந்த 'பீனிக்ஸ்' என்னும் ஜெர்மன் கிளைடரிலிருந்து கண்ணாடி இழையால் கட்டும் முறை தொடங்கியது. இவை ரேடார் அலையை வலுவாகத் திருப்பி அனுப்புவதில்லை. போதாக்குறைக்கு, வெயிலின் சூட்டில் பிசின் இளகாதிருக்க இவற்றுக்கு வெள்ளை வண்ணமே பூசுகிறார்கள். வெண்மேகத்தின் எதிரே வெண்ணிறக் கிளைடர்! மூன்றாவதாகிய எச்சரிக்கைக் கருவி, எதிர் விமானத்தில் 'டிரான்ஸ்பாண்டர்' என்னும் பதில் சொல்லும் வானொலிக் கருவி இருந்தால்தான் அதனை அறியும். அதற்கு மின்சாரம் வேண்டும். இயந்திரமில்லாத கிளைடரில் மின்சாரம் என்பது ஒரு சிறு பாட்டரியின் அளவே.

இவ்வாறு, ஒருவருக்காக ஏற்பட்ட காவல் மற்றவரைக் காணாமல் போகிறது. கிளைடர் விமானிகள் தமக்கெனச் சில ஒழுங்குகளை ஏற்படுத்திக்கொண்டது உண்மை. கட்டுப்பாடற்ற வான்பகுதியில் மேகப் பறப்பை நெடுங்காலம் அனுமதித்துவந்த பிரிட்டனில், மேகத்துள் புகும் கிளைடர் தன் இடத்தையும் உயரத்தையும் அதற்கென அமைந்த வானொலி அலைவரிசையில் அறிவிப்பது வழக்கமாயிற்று. பாரசூட் அணியாமல் புகலாகாது என்பதும் விதியாயிற்று. ஒரே மேகத்தை நாடும் கிளைடர்கள் தமக்குள் மோதாதிருக்க இது பெரிதும் உதவும். ஆனால், அவ்வழியே வரும் இயந்திர விமானி அந்த அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. கட்டுப்பாடற்ற வானில் அவரும் யாரிடமும் அனுமதி பெறாமல் மேகத்துள் பறக்க உரிமை உடையவரே. அறிவிப்பு நடக்கிறது, அறிய வேண்டியவர் செவியில் விழவில்லை.

அமெரிக்கா வேறு வழியை மேற்கொண்டது. அங்கே மேகத்துள் செல்ல விரும்பும் கிளைடர் விமானி, கருவிப் பறப்புக்கான தகுதி பெற்றிருப்பதோடு, தரைக் கட்டுப்பாட்டினரின் அனுமதியும் பெற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் மேகப் பறப்புக்குத் தனிப் பயிற்சியைக் கேட்கின்றன.

'வானம் எவ்வளவு பெரியது! அதில் இரண்டு சிறு பொருள்கள் ஒரே இடத்துக்கு ஒரே நொடியில் வரவா போகின்றன?' என்று சிலர் கேட்பதுண்டு. இக்கேள்வியை அலட்சியம் செய்யலாகாது. அத்தகைய மோதல் அரிது என்பது மெய்யே. ஆயினும், விமானங்கள் வானம் முழுவதும் சமமாகச் சிதறிக் கிடப்பதில்லை. நல்ல குவிமேகம் ஒன்று எழுந்தால், சுற்றுவட்டாரத்துக் கிளைடர்கள் யாவும் அதையே நாடும். இயந்திர விமானங்கள் விமான நிலையங்களை நோக்கிய வழிகளில் குவியும். கடற்கரை எவ்வளவு நீளமாயினும் படகுகள் துறையில்தானே நெருங்குகின்றன? கணக்குப் போட வேண்டியது துறையைப் பற்றி. கடலைப் பற்றி அன்று.

மேகமில்லாத இடத்திலேயே கண் எவ்வளவு தவறும் என்பதற்கு இரு நிகழ்ச்சிகள் சான்று. 2006ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஏறத்தாழ 16,000 அடி உயரத்தில், ஜெட் விமானம் ஒன்று கிளைடர் ஒன்றின் மீது மோதியது. கிளைடரில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது. பாட்டரியைச் சிக்கனப்படுத்துவதற்காக அது அணைக்கப்பட்டிருந்தது! கிளைடர் விமானி பாரசூட்டில் குதித்துப் பிழைத்தார். மூக்கு நொறுங்கிய ஜெட் விமானமும் ஒருவாறு தரை இறங்கியது. 2009ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயர் வானில் நல்லூழ் அவ்வளவு துணை செய்யவில்லை. விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்றும் கிளைடர் ஒன்றும் மோதின. கிளைடர் விமானி பாரசூட்டால் உயிர் தப்பினார். பயிற்சி விமானத்தில் இருந்த விமானியும், அவரோடு பறக்க வந்த பயிற்சிப்படை மாணவனும் மாண்டனர். அம்மாணவன் இப்பேச்சைக் கேட்கும் உங்களில் பலரைப் போன்ற வயதினன். தெளிந்த வானிலேயே இந்நிலையென்றால், மேகத்துள் கண்ணை நம்புவது எப்படி?

தீர்வு இல்லாமற் போகவில்லை. 2004ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கிளைடர் விமானிகள் சிலர் 'பிளார்ம்' என்னும் சிறு கருவியை வெளியிட்டனர். செயற்கைக்கோள் உதவியால் தன் இடத்தை அறிந்து, அதனைச் சிறிய வானொலிச் செய்தியாக இடைவிடாது அனுப்பிக்கொண்டேயிருக்கும். பிறர் செய்தியைக் கேட்டு, மோதும் வாய்ப்பிருந்தால் எச்சரிக்கும். கிளைடரின் சிறு பாட்டரி அதற்குப் போதும். கிளைடர்களிடையே அது விரைவாகப் பரவியது. எனினும், பெரிய விமானத்தின் எச்சரிக்கைக் கருவிக்குப் பிளார்மின் மொழி புரியாது. இரண்டு மொழிகளையும் கேட்கக்கூடிய கருவிகள் பின்னர் வந்துள்ளன. ஆனால், எல்லா விமானங்களிலும் அவை இல்லை. ஊமையாக இருந்த இருவர் பேசக் கற்றுக்கொண்டனர்; ஒரே மொழியில் பேசக் கற்பதே எஞ்சியிருக்கிறது.

கிளைடர்களை மேகத்துள் செல்லாமலே தடுத்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அது எளிய வழி. பல நாடுகள் ஏறத்தாழ அவ்வழியையே கொண்டன. ஆனால், வானத்தின் மேலெழு காற்றையும் மேகத்தின் உட்பகுதியையும் பற்றி மனிதன் பெற்ற அறிவில் கிளைடர் விமானிகளின் பங்கு சிறிதன்று. அவர்களை வானத்தினின்று விரட்டுவது அறமாகாது. அதே நேரத்தில், 'எனக்கு எல்லோரும் வழி விட வேண்டும். நான் இருக்குமிடத்தை மட்டும் சொல்லமாட்டேன்' என்பதும் அறமாகாது. எளியவனுக்கு வழி விடுவது வலியவன் கடமை. தான் இங்கே இருக்கிறேன் என்று குரல் கொடுப்பது எளியவன் கடமை. முதற்கடமையை விதிநூல்கள் 1919ஆம் ஆண்டிலிருந்தே எழுதி வந்துள்ளன. இரண்டாவது கடமையை நிறைவேற்றும் கருவியை 2004ஆம் ஆண்டுக்குப் பிறகுதான் எளிய விமானிகளும் வாங்கிப் பொருத்த முடிந்தது.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை விமானிகள் ஆகலாம். சிலர் அவர்களுக்குக் கருவி செய்யும் பொறியியலார் ஆகலாம். சிலர் விதி வகுக்கும் அலுவலர் ஆகலாம். இவ்வரலாற்றில் நான் கூறிய ஆண்டுகளை மறுபடியும் எண்ணிப் பாருங்கள். 1922, 1948, 1956, 1986, 1996: ஒவ்வோர் ஏற்பாட்டுக்கும் முன்னால் ஒரு விபத்து நிற்கிறது. கிளைடரும் பயணி விமானமும் மேகத்துள் சந்திக்கும் ஆபத்துக்கு மட்டுமாவது, ஏற்பாடு முதலில் வந்து சேரட்டும்.